அழிக்கப்பட்ட 1921: கணிதப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிக் கணிதப் பாடநூலை எழுதுவோருக்கும், பொதுத்தேர்வு வினாத்தாளை வடிவமைப்போருக்கும்,

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டுகளாக எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தி வருகிறேன். சென்ற மாதம் எங்கள் பள்ளியைப் பார்வையிட வந்த அலுவலர், ஒன்பதாம் வகுப்பின் பின்சுவரில் ஒட்டியிருந்த முப்பத்தோரு கிராஃப் தாள்களையும் கழற்றச் சொன்னார். பார்வைப் பதிவேட்டில், ‘பாடத்திட்டத்தோடு தொடர்பில்லாத பணி, இந்நேரத்தை மெல்லக் கற்கும் மாணவர்களின் பயிற்சிக்குப் பயன்படுத்துக’ என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போனார். அந்தத் தாள்களில் இருந்தவை இந்தியாவின் மக்கள்தொகை, எழுத்தறிவு, பாலின விகிதம், உணவு தானிய விளைச்சல். எல்லாம் அரசு அச்சிட்டு வெளியிட்ட எண்கள். என் மாணவர்கள் தங்கள் கையால் வரைந்த படங்கள்.

அந்த அலுவலர் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர் தானாக எதையும் கண்டுபிடித்து எழுதிவிடவில்லை. உங்கள் பாடநூலையும் வினாத்தாள் வடிவமைப்பையும் புரட்டிப் பார்த்தால் எவரும் அதைத்தான் எழுதுவார்கள். ஆகவே அவரிடம் கேட்பதை விட்டு உங்களிடம் வந்திருக்கிறேன்.

முதலில் அந்த முப்பத்தோரு தாள்களில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1901 முதல் 2011 வரையான பன்னிரண்டு கணக்கெடுப்புகளின் மக்கள்தொகையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். கோடிகளில்: 23.84, 25.21, 25.13, 27.90, 31.87, 36.11, 43.92, 54.82, 68.33, 84.64, 102.87, 121.09. கிடை அச்சில் 1 செ.மீ. பத்தாண்டு; நிலை அச்சில் 1 செ.மீ. பத்துக் கோடி. பன்னிரண்டு புள்ளிகள், அரை மணி நேர வேலை. வகுப்பிலேயே மிக நேர்த்தியாக வரையும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். பென்சில் முனையை ஊசிபோல் சீவி வைத்திருப்பாள். அவள் தாளை வாங்கிப் பார்த்தேன். வளைவரை வழுக்கிக்கொண்டு மேலேறியது, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் 1921-க்கு நேரே தாள் மெலிந்திருந்தது. ரப்பரால் இரண்டு மூன்று முறை அழுத்தித் தேய்த்ததில் அந்தச் சிறு கட்டத்தின் பச்சை மையே உரிந்து வெளுத்திருந்தது. 25-இல் இருக்க வேண்டிய புள்ளி 26.5-இல் இருந்தது.

“ஏன் அம்மா மாற்றினாய்?” என்று கேட்டேன்.

“சரியாகத்தான் வைத்தேன் டீச்சர். ஆனால் வளைவு அந்த இடத்தில் உடைந்து போகிறது. எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மேலே ஏற்றி வைத்தேன்” என்றாள்.

அவளுக்கு அப்படிக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். புள்ளிகள் வளைவரையில் உட்காராவிட்டால் கணக்கு தவறு, அட்டவணையைத் திரும்பப் பார், அழித்துவிட்டு வை என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இருபடிச் சமன்பாட்டுக்கு அது சரி. பரவளையம் எங்கேயும் உடைவதில்லை. ஆனால் 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்த நாட்டில் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. 1918-இலும் 1919-இலும் இன்ஃப்ளூயன்சா ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பத்தாண்டு முடிவில் மக்கள்தொகை எட்டு லட்சம் குறைந்திருந்தது. கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படிக் குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான். ஒரு பதினான்கு வயதுப் பெண் அதைத் தன் பிழை என்று நினைத்து ரப்பரால் அழித்திருக்கிறாள்.

பதினோராம் வகுப்புக்குப் போய்ப் பொருளியல் எடுத்தால் இதே பெண், ‘இந்தியாவின் பெரும் பிரிவினை ஆண்டு எது?’ (மக்கள்தொகை வளர்ச்சியின் போக்கு திரும்பிய ஆண்டு) என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு ‘1921’ என்று சரியாக எழுதிவிடுவாள். தன் கையால் அழித்த புள்ளிதான் அது என்று அவளுக்குத் தெரியாமலே போய்விடும்.

மறுநாள் அதே கணக்கெடுப்புகளின் முழு எண்களை வைத்துப் பத்தாண்டு வளர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிடச் சொன்னேன். ஏனென்றால் முதல் படத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1 செ.மீ.க்குப் பத்துக் கோடி என்ற அளவுத்திட்டத்தில் எட்டு லட்சம் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பென்சில் முனையின் தடிமனுக்குள் அடங்கிவிடும். கோடு அந்த இடத்தில் படுத்துக்கிடக்கும், அவ்வளவுதான். வளர்ச்சி விழுக்காட்டை வரைந்தபோது 1911-க்கு 5.75, 1921-க்கு −0.31, 1931-க்கு 11.00 என்று வந்தது. 1 செ.மீ.க்கு 2 விழுக்காடு என்று எடுத்தால் 1921-இன் புள்ளி அச்சுக்குக் கீழே ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கி நிற்கிறது. வகுப்பு முழுவதும் அதைப் பார்த்தது. ஒரே செய்தியை ஒரு படம் மூடுகிறது, இன்னொரு படம் காட்டுகிறது. எந்தப் படத்தைக் கேட்பது என்பதும் கணிதத்தின் ஒரு பகுதி. இதற்கு எனக்குச் செலவானவை இரண்டு பாடவேளைகளும் அறுபத்திரண்டு கிராஃப் தாள்களும்.

இதைத்தான் பாடத்திட்டத்தோடு தொடர்பில்லாத பணி என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் வினாத்தாளுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் வினா எண் 44 வரைபடத்துக்கு உரியது. எட்டு மதிப்பெண். மாணவர் எழுதும் தேர்வில் இவ்வளவு பெரிய வினா வடிவியலுக்கான 43-ஐத் தவிர வேறு இல்லை. அதற்கும் இதே எட்டுதான். வரைபட வினாவில் வருபவை இருபடிச் சமன்பாட்டின் வரைபடமும் நேர் மாறுபாடு, எதிர் மாறுபாடு வரைபடங்களும். மதிப்புகளை அட்டவணையாக்கி, புள்ளிகளைக் குறித்து, வளைவரையால் இணைத்து, மூலங்களையோ மாறிலியையோ எழுதி, மேல் மூலையில் அளவுத்திட்டத்தைக் குறித்துவிட்டால் எட்டும் கிடைக்கும். தேர்ச்சி விழுக்காட்டுக்காக ஓடும் ஒவ்வொரு பள்ளியிலும் ‘வரைபடத்தையும் வடிவியலையும் பிடித்துக்கொள், பதினாறு மதிப்பெண் உறுதி’ என்பதுதான் மெல்லக் கற்போருக்கு நாங்கள் சொல்லும் முதல் பாடம். நானும் சொல்கிறேன். இனியும் சொல்வேன். அந்தப் பதினாறு மதிப்பெண் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைக் கரை சேர்த்திருக்கிறது என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

ஆனால் அந்த எட்டு மதிப்பெண்ணைப் பெற, வரைந்த படம் எதைச் சொல்கிறது என்று ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. மாறுபாட்டுக் கணக்கில் வரும் பஸ் எப்போதும் சீரான வேகத்தில்தான் ஓடும். புள்ளியியல் பாடத்தில் வரும் தொழிலாளர்களின் ஊதியமும் மாணவர்களின் எடையும் சராசரி வகுபடும்படி தேர்ந்தெடுத்த எண்களாகவே இருக்கும். அந்தத் தொழிற்சாலை எந்த ஊரில் இருக்கிறது, யார் எடுத்த கணக்கு, எந்த ஆண்டு என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. எட்டாம் வகுப்பில் வட்ட விளக்கப்படமும் நிகழ்வுச் செவ்வகமும் போட்டு, ஒன்பதில் சராசரியும் இடைநிலை அளவும் முகடும் கண்டு, பத்தில் திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் கண்டு முடித்த மாணவர், மறுநாள் நாளிதழில் வரும் ஒரு பட்டை விளக்கப்படத்தின் முன் திகைத்து நிற்கிறார். நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் தொண்ணூற்றுக்கு மேல் வாங்கிய மாணவனிடம், 1991-இல் 927, 2001-இல் 933, 2011-இல் 943 என்று இந்தியாவின் பாலின விகிதத்தைக் காட்டும் பட்டைப் படத்தைக் கொடுத்தேன். நிலை அச்சை 920-இல் தொடங்கி வேண்டுமென்றே நான் வரைந்தது. “இருபதே ஆண்டில் பெண்கள் மூன்று மடங்கு கூடிவிட்டார்கள்” என்றான். அச்சில் எழுதியிருந்த எண்ணை அவன் பார்க்கவேயில்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தந்ததில்லை. 920-இலிருந்து பார்த்தால் ஏழும் இருபத்து மூன்றும் மூன்று மடங்குக்கு மேல்தான். பூஜ்ஜியத்திலிருந்து பார்த்தால் இரு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரம்.

அதே எண்களைக் கோடாக வரைந்து, இன்னொரு கோட்டையும் சேர்த்தோம். 0 முதல் 6 வயதுக் குழந்தைகளின் பாலின விகிதம்: 1991-இல் 945, 2001-இல் 927, 2011-இல் 918. மொத்த விகிதம் ஏறுகிறது, குழந்தைகளின் விகிதம் இறங்குகிறது. இரண்டு கோடுகளும் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. “கத்தரிக்கோல் மாதிரி இருக்கிறது டீச்சர்” என்றாள் ஒருத்தி. பிறகு வகுப்பு வெகுநேரம் அமைதியாக இருந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்று 1992-இல் சேலத்தில் ஏன் தொடங்கப்பட்டது என்பதை அன்று அவர்களுக்குச் சொன்னேன். கணிதப் பாடவேளையில் சொன்னேன். அதற்காக நான் வருந்தவில்லை.

எழுத்தறிவு வரைபடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1951-இல் 18.33, 1961-இல் 28.30, 1971-இல் 34.45, 1981-இல் 43.57, 1991-இல் 52.21, 2001-இல் 64.84 என்று சீராக ஏறும் எண்கள். பிள்ளைகளுக்கு வரையச் சுகமான படம். ஆனால் அரசு வெளியிடும் அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். 1971 வரை ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் கணக்கிட்டார்கள். 1981 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் கணக்கிடுகிறார்கள். 1981-இல் அசாம் சேரவில்லை. 1991-இல் ஜம்மு காஷ்மீர் சேரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளை வகுக்கும் எண்ணிலிருந்து எடுத்துவிட்டால் விழுக்காடு தானாகவே உயரும். இதை நான் சொல்லவில்லை, ஒரு மாணவன் சொன்னான். பின்னத்தில் பகுதி சிறிதானால் மதிப்பு பெரிதாகும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறானே! பழைய வரையறைப்படியே பார்த்தால் 1981-க்கு 41.42 தான் வரும். ஒன்பது புள்ளி உயர்வு என்று தோன்றியது உண்மையில் ஏழு புள்ளி. மீதி இரண்டு, அளவுகோல் மாறியதால் வந்தது. அன்று அந்த மாணவன் தன் படத்தில் 1971-க்கும் 1981-க்கும் நடுவே கோட்டை விட்டுவிட்டு, இடைவெளியில் ‘இங்கே வரையறை மாறியது’ என்று எழுதினான். அந்த இடைவெளிக்கு நான் பத்துக்குப் பத்து கொடுப்பேன். உங்கள் விடைக்குறிப்பின்படி திருத்தினால், புள்ளிகளை முழுமையாக இணைக்கவில்லை என்று அதே இடத்தில் மதிப்பெண் குறையும்.

நம் பாடநூல்களில் அந்தப் பொடி எழுத்தே கிடையாது. அட்டவணை மட்டும் வரும். அடிக்குறிப்பு வராது. எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வளரும் பிள்ளை, பிற்காலத்தில் கைப்பேசியில் வரும் எந்த எண்ணையும் அப்படியே நம்பும், அல்லது எல்லா எண்ணையும் பொய் என்று தள்ளும். இரண்டையும் என் பழைய மாணவர்களிடம் பார்க்கிறேன். 2021 இறுதியில் தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று வெளிவந்தபோது ‘ஆயிரம் ஆண்களுக்கு 1,020 பெண்கள்’ என்ற செய்தி எல்லா இடத்திலும் பரவியது. அதே ஆய்வில், கடைசி ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 929 பெண்கள் என்றும் இருந்தது. அது மாதிரிக் குடும்பங்களில் எடுத்த ஆய்வு, வீடு வீடாக எடுத்த முழுக் கணக்கெடுப்பு அன்று. இந்த வேறுபாட்டை விளக்க ஒரு பாடவேளை போதும். அந்த ஒரு பாடவேளை பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் எங்கேயும் இல்லை.

எண் எங்கிருந்து வருகிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நான் கணக்கெடுப்பாளராக வேலை செய்தேன். ஆசிரியர்கள்தானே இந்த நாட்டின் தலைகளை எண்ணுகிறவர்கள். இருபத்தொன்பது கேள்விகள் கொண்ட படிவத்தை அட்டையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். எனக்கு ஒதுக்கிய பகுதியின் கடைசி வீட்டில் ஒரு மூதாட்டி திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். வயது கேட்டேன். “யாருக்கம்மா தெரியும்? அண்ணா செத்த வருடம் என் மூத்தவள் மடியில் கிடந்தாள்” என்றார். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. மடியில் கைக்குழந்தை என்றால் தாய்க்குப் பதினெட்டோ இருபதோ இருக்கலாம். “அறுபது இருக்குமா ஆத்தா?” என்று கேட்டேன். “அறுபதே போட்டுக்கொள்” என்றார். அறுபது என்று போட்டேன்.

வெகுநாள் கழித்து, கணக்கெடுப்பின் ஒற்றை வயது அட்டவணையை வகுப்பில் பட்டைகளாக வரையச் சொன்னபோது, 30, 35, 40, 45, 50, 55, 60, 65 என்று ஐந்திலும் பூஜ்ஜியத்திலும் முடியும் வயதுகளில் மட்டும் பட்டைகள் தூண்கள்போல் எழும்பி நின்றன. 59-உம் 61-உம் பள்ளமாகக் கிடந்தன. “அறுபது வருடத்துக்கு முன்னால் அந்த ஓர் ஆண்டில் மட்டும் நிறையக் குழந்தைகள் பிறந்தார்களா டீச்சர்?” என்று கேட்டார்கள். உளுந்து புடைத்த ஆத்தாவின் கதையைச் சொன்னேன். அந்த அறுபது என்ற தூணில் ஒரு செங்கல் நான் வைத்தது என்றும் சொன்னேன். எண்ணுக்குப் பின்னால் ஒரு திண்ணையும், கேட்பவள் ஒருத்தியும், தோராயமாகச் சொல்லப்பட்ட ஒரு பதிலும் இருக்கின்றன என்பது அவர்களுக்கு அன்று புரிந்தது. அதன் பிறகும் அவர்கள் கணக்கெடுப்பை நம்பினார்கள். எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்து நம்பினார்கள்.

மக்கள்தொகைப் படத்தில் 2011-க்குப் பிறகு கிடை அச்சு வெறுமையாக இருப்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். “2021 எங்கே டீச்சர்?” என்று கேட்டார்கள். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941-இலும்கூட எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு 2021-இல் எடுக்கப்படவில்லை. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025 ஜூன் 16 அன்று அறிவிக்கை வெளியானது. அதன் முடிவுகள் வரும்போது இன்று என் வகுப்பில் இருப்பவர்கள் வாக்களிக்கும் வயதை நெருங்கியிருப்பார்கள். எந்தெந்தத் தொகுதி, எவ்வளவு நிதி, எத்தனை இடம் என்று இந்த நாடு அந்த எண்களை வைத்து வாதாடப் போகிறது. அந்த வாதத்தைப் புரிந்துகொள்ளும் வயதில் அவர்கள் இருப்பார்கள். புரிந்துகொள்ளும் பயிற்சி இருக்குமா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் இதைப் பேசியபோது எனக்குக் கிடைத்த பதில்கள் மூன்று. மெல்லக் கற்போருக்கு இது பாரம் என்பது ஒன்று. என் அனுபவம் நேர்மாறானது. காரணிப்படுத்தத் தெரியாமல் ஓராண்டு முழுவதும் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு மாணவன் இருந்தான். உணவு தானிய விளைச்சலை வரைந்த அன்று அவன்தான் எழுந்தான். 1950–51-இல் 5.08 கோடி டன்னில் தொடங்கிய கோடு 1964–65-இல் 8.94-க்கு ஏறி, அடுத்த ஆண்டு 7.24-க்கு விழுந்து, அதற்கடுத்த ஆண்டு 7.42-இலேயே கிடந்து, 1967–68-இல் 9.51-க்கு எழுகிறது. “இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்திருக்கிறது டீச்சர். ஒரு வருடம் என்றால் உடனே ஏறியிருக்கும்” என்றான். மானாவாரி நிலத்தில் கடலை போடும் வீட்டுப் பிள்ளை. 1965-உம் 1966-உம் வறட்சி ஆண்டுகள் என்று அவனுக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. மறுநாள் தன் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு வந்து, அரிசிக்கு வரிசையில் நின்றதையும், 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற வாக்குறுதி ஊரை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதையும் வகுப்புக்குச் சொன்னான். அவன் வரைந்த படமும் அந்தச் சுவரில் இருந்தது. கழற்றும்போது அவனே வந்து குண்டூசிகளை எடுத்துக் கொடுத்தான்.

நேரம் இல்லை என்பது இரண்டாவது பதில். ஏற்கெனவே புள்ளியியலுக்கு ஒதுக்கிய பாடவேளைகளுக்குள்தான் இதைச் செய்தேன். கற்பனை அட்டவணைக்குப் பதிலாக உண்மை அட்டவணை, அவ்வளவுதான் மாற்றம். மூன்றாவது, உண்மைத் தரவு வகுப்புக்குள் வந்தால் அரசியல் வரும் என்ற அச்சம். அரசு தன் செலவில் திரட்டி, தன் முத்திரையோடு வெளியிட்ட எண்களை அரசுப் பள்ளியில் காட்டக்கூடாது என்றால் வேறு எங்கே காட்டுவது? இந்தியப் புள்ளியியலின் முன்னோடி மகலனோபிசின் பிறந்தநாளான ஜூன் 29-ஐ 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாக இந்த நாடு கொண்டாடுகிறது. பள்ளிகளில் அன்று ஓர் உறுதிமொழிகூட இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

பத்தாம் வகுப்பின் 44-ஆம் வினாவில், ‘அல்லது’ என்று கொடுக்கப்படும் இரண்டில் ஒன்று உண்மைத் தரவாக இருக்கட்டும். இருபடிச் சமன்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு அது அப்படியே இருக்கட்டும், அதை நீக்கச் சொல்லவில்லை. இன்னொன்றில் பத்துப் பன்னிரண்டு எண்களைக் கொடுங்கள். அவை எந்தத் துறை எந்த ஆண்டு வெளியிட்டவை என்பதைக் கொடுங்கள். அடிக்குறிப்பைக் கொடுங்கள். அளவுத்திட்டத்தை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். வரைவதற்கு ஐந்து மதிப்பெண், படம் சொல்வதை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுவதற்கு மூன்று மதிப்பெண். அந்த மூன்று மதிப்பெண் வந்துவிட்டால் எந்த அலுவலரும் எந்தச் சுவரிலிருந்தும் எதையும் கழற்றச் சொல்ல மாட்டார்.

விடைக்குறிப்பில் ஒரே அளவுத்திட்டத்தை மட்டும் ஏற்கும் பழக்கத்தை விடுங்கள். பொருத்தமான எதுவும் சரி என்றும், வரையறை மாறிய இடத்தில் கோட்டை உடைத்து வரைந்தால் முழு மதிப்பெண் என்றும் திருத்தும் ஆசிரியர்களுக்கு எழுத்தில் கொடுங்கள்.

எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் புள்ளியியல் பாடங்களில் பாதிக் கணக்குகளையாவது உண்மை எண்களால் அமையுங்கள். ஒவ்வோர் அட்டவணைக்கும் அடியில் ஆண்டும் வெளியிட்டவர் பெயரும் வரையறையும் இருக்க வேண்டும். சராசரி முழு எண்ணாக வராது. வரவேண்டிய தேவையும் இல்லை. பூஜ்ஜியத்தில் தொடங்காத அச்சைக் கொண்ட ஒரு படத்தையாவது பாடத்தில் வைத்து, அதில் என்ன பிசகு என்று கேளுங்கள்.

மாநிலத்தின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் அலுவலகம் இருக்கிறது. மழையளவு, சாகுபடிப் பரப்பு, விளைச்சல் என்று ஊர்க்கணக்கு அவர்களிடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, அந்தந்த மாவட்டத்தின் எண்களை இரண்டு பக்கத் தாளாகத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். கணித ஆசிரியர்களுக்கு அந்த அலுவலர்களைக் கொண்டு ஒரே ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். ஜூன் 29 அதற்கு ஏற்ற நாள்.

கடைசியாக, எங்கள் பள்ளிப் பார்வைப் பதிவேட்டில் எழுதப்பட்ட குறிப்பைப் பற்றி. உண்மைத் தரவை வரைவது புள்ளியியல் பாடத்தின் பகுதிதான் என்று ஒரு வரி சுற்றறிக்கை உங்களிடமிருந்து வந்தால், அந்தக் குறிப்புக்குக் கீழே அதை ஒட்டிவைத்துக்கொள்வேன். முப்பத்தோரு தாள்களும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. 1921-இல் வெளுத்துப் போன அந்தத் தாளும் அவற்றில் இருக்கிறது. அவள் புள்ளியை மீண்டும் 25-க்கு இறக்கி, பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதியிருக்கிறாள். அடுத்த கல்வியாண்டின் வினாத்தாள் வடிவமைப்பு வெளியாவதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியை,
அரசு உயர்நிலைப் பள்ளி